வராத பித்தளை

மண்ணூர் சின்னப்பொண்ணுக்கு யார்மேலாவது பொறாமைப்படாவிட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் புதுக் குக்கர் வாங்கிய அன்றைக்கு இவளுக்கு வயிறு எரிந்தது. அந்தக் குக்கர் விசில் அடிக்காமல் மக்கர் பண்ணிய பிறகுதான் எரிச்சல் அடங்கியது. புருஷன் நாகப்பன் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் சைக்கிளைத் துடைப்பான். அந்தச் சைக்கிள்மேல்கூட அவளுக்கு ஒரு கண். அதைத் துடைக்கிற நேரத்தில் பாதி நேரம் என் மூஞ்சியைப் பார்த்திருப்பாயா என்று கேட்பாள். நாகப்பன் சிரித்துக்கொண்டே ஏறி மிதிப்பான். உள்ளுக்குள் அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. தன்னை இத்தனை கெட்டியாகப் பிடித்துவைக்க ஒருத்தி இருக்கிறாளே என்று ஆம்பிளைக்கு வருகிற பெருமை அது. பொறாமையில் என்ன பெருமை என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி ஒரகடம் போகிற சாலையில் இருந்த ஒரு கம்பெனியில் அவன் ஸ்டோர்ஸ் கீப்பர். பம்புசெட்டுக்கு வால்வு செய்கிற கம்பெனி. லாரியில் வரும் பித்தளைக் கம்பிகளை எடைபோட்டு இறக்கிக் கிடங்கில் அடுக்குவதும், மிஷின் லைனில் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும் அவன் வேலை. சாவி அவனிடம்தான். பத்தாவது பாஸ் பண்ணின மண்ணூர்ப் பையனுக்குக் கம்பெனிச் சாவி கிடைத்ததென்றால் சும்மாவா? தெருவில் அவனை 'ஸ்டோர்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். சின்னப்பொண்ணு குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒரு நடை நடப்பாள். அவள்மேல் மற்றவர்கள் பொறாமைப்பட்ட காலமும் ஒன்று உண்டு.

எண்பத்தொன்பதில் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஏசி போட்ட தனி அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதலாளி பக்திமான். பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். இனிமேல் கையால் கணக்கு எழுத வேண்டாம், சரக்கு வந்ததும் துண்டுச்சீட்டை உள்ளே கொடுத்துவிட்டால் போதும், பெட்டி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று உத்தரவு. சீட்டை ஏற்றியதும் கிழித்துக் குப்பையில் போட்டார்கள். ஒரகடம் லைனில் கரண்ட் வருவதும் போவதும் யாருக்கும் புதுசு இல்லை. போனால் பெட்டி அணையும், வந்தால் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு எழும். எழுந்ததும் ஆபரேட்டர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவ்வளவு மரியாதை.

அந்த வருஷ ஆயுதபூஜைக்குக் குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். சின்னப்பொண்ணு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். மிஷினுக்கெல்லாம் மாலை போட்டிருந்ததைப் பார்த்தாள், கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கேன்டீனில் இலை போட்டார்கள். பரிமாறியவள் ஜோதி. தண்டலத்துக்காரி, கேன்டீனில் டீ போடுகிறவள், இவளைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் பம்பாயில். எல்லார் இலைக்கும் தேங்காய்ச் சட்னி வைத்துக்கொண்டு வந்தவள் நாகப்பன் இலைக்கு வந்ததும் அந்த வாளியைத் தள்ளிவைத்துவிட்டுக் காரச்சட்னியை எடுத்தாள். "அண்ணனுக்குத் தேங்கா ஒத்துக்காதுக்கா" என்று இவளைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாள்.

என் புருஷனுக்கு எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று எனக்கே பாடம் நடத்துகிறாளா இவள்? சின்னப்பொண்ணுக்கு அன்றைக்குப் பாயசம் கசந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தபடி அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். தினம் டீ கொடுக்கிற பெண்ணுக்கு அது தெரியாமல் எப்படி இருக்கும் என்றான் நாகப்பன். அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாள் என்றான். "அண்ணேங்கறது ஒரு படுதா. அதுக்குப் பின்னால எத்த வேணா வெச்சுக்கலாம்" என்றாள் இவள்.

அதோடு போயிருக்கும். எத்தனையோ பொறாமை அவளுக்கு வந்து போயிருக்கிறது. ஆனால் தொண்ணூறு மார்ச் கடைசியில் கிடங்கில் சரக்கு எண்ணினார்கள். கம்ப்யூட்டர் சொன்ன கணக்குக்கு ஒரு லாரிப் பித்தளை குறைந்தது. மறுபடி எடைபோட்டார்கள், மறுபடியும் குறைந்தது. பூட்டு உடையவில்லை, சுவர் இடியவில்லை, சாவி ஒருவனிடம்.

கம்பெனி வாசலில் ஒரு பிள்ளையார் உண்டு. முதலாளி போலீசுக்குப் போகுமுன் ஸ்டோர்ஸ் ஆட்கள் அத்தனை பேரையும் அங்கே வரிசையாக நிற்கவைத்தார். தட்டில் ஆளுக்கொரு கற்பூரம் ஏற்றினார்கள். மற்றவர்கள் நான் எடுக்கவில்லை என்று சொல்லிக் கற்பூரத்தை அடித்து அணைத்துவிட்டு நகர்ந்தார்கள். நாகப்பன் முறை வந்தது. அவன் பொறுப்பாளி அல்லவா, அவனுக்கு மட்டும் வேறு சத்தியம். என் பொறுப்பில் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று அடிக்கச் சொன்னார் முதலாளி.

நாகப்பன் கையைத் தூக்கினான். அப்படியே நின்றான். அந்த மடையன் செய்ததை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க மாட்டான். "நான் எடுக்கலன்னா எத்தினி வாட்டி வேணாலும் அடிக்கிறேன் சார். கொறையலன்னு எப்டி அடிக்கிறது? பெட்டி கொறையுதுன்னு சொல்லுதே. எங்கியோ என் கை தப்பிப் போயிருந்தா சாமிகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும்" என்றான்.

கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. திருடன் இவன்தான் என்பதற்கு அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. கோர்ட்டிலும் அதே கதைதான். கம்ப்யூட்டர் கணக்கு தப்பா என்று கேட்டதற்கு, தப்பாக இருக்காது ஐயா, ஆனால் நான் எடுக்கவில்லை என்றான். கேட்டவர்கள் சிரித்தார்கள். தொண்ணூற்றொன்று பொங்கல் முடிந்த கையோடு இரண்டு வருஷம் தண்டனை எழுதி வேலூருக்கு அனுப்பினார்கள்.

ஊர் என்ன சொன்னது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குழாயடியில் ஒருத்தி சின்னப்பொண்ணின் குடத்தைச் சுண்டிப் பார்த்து, பித்தளைதானே, எந்தக் கிடங்குச் சரக்கு என்று கேட்டாள். மறுநாளிலிருந்து இவள் பிளாஸ்டிக் குடம் எடுத்துக்கொண்டு போனாள். சாலை ஓரத்தில் எழும்பிக்கொண்டிருந்த புதுக் கம்பெனிக் கட்டடத்தில் சித்தாளாகச் சேர்ந்து கலவை சுமந்தாள். உள்ளங்கை வெந்தது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதாக இல்லை. அவளைத் தின்றது வேறு. ஒரு லாரிப் பித்தளை போயிருக்கிறது. இந்த வீட்டுக்கு ஒரு குண்டூசிகூட வரவில்லை. அப்படியானால் அது யார் வீட்டுக்குப் போனது?

அவன் ஜாமீனில் வீட்டில் இருந்தபோது, தீர்ப்புக்கு முதல் நாளே, அவனிடம் இதைக் கேட்டுவிட்டாள். நாகப்பன் முதலில் புரியாமல் விழித்தான். புரிந்ததும் எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் கையை வைத்து, எவளும் இல்லை, உன்மேல் சத்தியம் என்றான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "கற்பூரத்த அடிக்க வராத கை என் தலைக்கு மட்டும் வருதா?" என்றாள். அவன் வேலூருக்குப் போன பிறகு அவள் ஒரு தடவையும் பார்க்கப் போகவில்லை. பொண்டாட்டி வரவில்லையா என்று ஜெயிலில் மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்று இருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காதில் ஒரு சேதி விழுந்தது. தண்டலத்தில் ஜோதி கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போட்டிருக்கிறாளாம். சின்னப்பொண்ணு அன்றைக்குக் கூலியையும் விட்டுவிட்டு நடந்தாள். வீட்டுக்கு எதிரே நின்று பார்த்தாள். புது ஓடு செக்கச்செவேல் என்று வெயிலில் மினுங்கியது. இந்த வரிசைக் காசு என் நெல்லுக்குதிரை நிரப்பியிருக்க வேண்டியது, அந்த வரிசைக் காசு என் காதுக்குக் கம்மலாக வந்திருக்க வேண்டியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் நீர் வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

ஜோதி வெளியே வந்தவள் இவளைப் பார்த்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். இவள் மோரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு வீட்டை நாலு பக்கமும் துழாவினாள். ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, பம்பாயில் எடுத்த புருஷன் போட்டோ. ஓடு போட அவர்தான் பணம் அனுப்பினார் என்று கேட்காமலே சொன்னாள் ஜோதி. கேட்காமல் சொல்கிறவள் கள்ளி என்று இவள் முடிவு கட்டினாள். அது இவள் முகத்திலேயே எழுதியிருந்தது போலும். ஜோதி நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணன் ஜெயில்ல கீறாரு. நீ இங்க வந்து ஓட்ட எண்ணிக்கினு கீற. போய் அவரப் பாருக்கா. நான் போனா ஊர் தப்பாப் பேசும், நீ போலாமே."

போகணும் என்று ஆசையிருக்கிறது, ஊருக்குப் பயந்து கிடக்கிறாள் என்று சின்னப்பொண்ணு அதையும் தன் கட்சிக்குச் சேர்த்துக்கொண்டாள். பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் தின்றுவிட்டு இன்னும் கேட்கும்.

இந்த நேரத்தில் கம்பெனியில் வேறு ஒன்று நடந்தது. நாகப்பன் இடத்தில் முதலாளி தன் பெண்டாட்டியின் தம்பியையே உட்காரவைத்திருந்தார். வெளியாளை நம்பிக் கெட்டது போதும் என்று. அந்த மார்ச்சில் மறுபடி சரக்கு எண்ணினார்கள். மறுபடியும் பித்தளை குறைந்தது, முன்னைவிட அதிகம். மச்சானைப் பிள்ளையார் முன் நிறுத்திக் கற்பூரம் ஏற்ற முடியுமா? ஏற்றினால் வீட்டில் உலை ஏறுமா? அப்போதுதான் முதலாளிக்குப் பெட்டிமேல் சந்தேகம் வந்தது. அந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்தவரை மெட்ராசிலிருந்து வரவழைத்தார். அவர் ஒரு பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். சீட்டை ஏற்றுகிற அதே நொடியில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பெட்டி அந்த வரவை இன்னொரு தரம் தானே ஏற்றிக்கொண்டிருக்கிறது. வந்தது ஒரு லாரி என்றால் அதன் கணக்கில் இரண்டு. குறைந்துபோன பித்தளை கம்பெனிக்கு வரவே இல்லை.

சரி செய்து கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். மச்சானுக்கு வேறு சீட் கொடுத்தார்கள். நாகப்பனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கம்பெனிக்கு அசிங்கம், முதலாளியின் பக்திக்கும் அசிங்கம். ஆனால் பெரிய மனிதர்கள் பேசும்போது டீ கொண்டுவருகிறவளுக்குக் காது இருக்கும் என்பதை அவர்கள் நினைக்கவில்லை.

சித்திரை வெயிலில் ஜோதி மண்ணூருக்கு ஓடிவந்தாள். வாசலில் நின்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டிதான் தப்பாம், பித்தளை வரவே இல்லையாம், ஸ்ரீபெரும்புதூரில் பராசரன் வக்கீல் நல்லவராம், அப்பீல் போடலாமாம், உடனே கிளம்பு அக்கா என்றாள்.

இந்த இடத்தில் சின்னப்பொண்ணு என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவள் கேட்டது வேறு காதால். புருஷன் வீட்டுக்கு வருவான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை. அவனை வெளியே கொண்டுவர இவள் ஏன் வெயிலில் ஓடிவருகிறாள் என்பதுதான் கேட்டது.

"உன் ஆளு வெளிய வர்றதுக்கு என்னைய அலையச் சொல்றியா? வந்தவழிய பாத்துப் போ" என்றாள். ஜோதி வாயைத் திறக்குமுன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே நின்று கேட்டாள். கொஞ்ச நேரம் செருப்புச் சத்தம் வாசலிலேயே இருந்தது. பிறகு போய்விட்டது. ஜோதி சொல்லி வக்கீல் பராசரன் இரண்டு தடவை சின்னப்பொண்ணிடம் ஆளை அனுப்பினார். அவள் போகவில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது ஊர் உலகம் அறிந்தது. எங்கே பார்த்தாலும் போலீஸ், எல்லார் வாயிலும் அதே பேச்சு. பித்தளைத் திருடன் ஒருவனின் அப்பீலைப் பற்றி யாருக்கு அக்கறை? பேப்பர் நகர்வதற்கு மாதக்கணக்கானது. இதற்கு நடுவில் பாப்பம்மாள் வந்து ஒரு சேதி போட்டாள். வக்கீல் தாளில் நாகப்பனிடம் கையெழுத்து வாங்க ஜோதியே வேலூருக்குப் போய் வந்தாளாம். சின்னப்பொண்ணு அன்று அடுப்பு மூட்டவில்லை. பார்த்தாயா, பார்த்தாயா என்று சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். எது நடந்துவிடக் கூடாது என்று காவல் காத்தாளோ அதற்கு அவளே கதவைத் திறந்துவிட்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் செங்கல்பட்டுக் கோர்ட்டில் அந்தப் புரோகிராம் எழுதிய மெட்ராஸ்காரர் வந்து உள்ளதைச் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்தவர் இவர்தான் என்று அடையாளம் சொல்லிக் கூண்டில் ஏறியவள் ஜோதி. ஏறிய மறுநாள் கேன்டீனில் அவளுக்கு வேலை இல்லை. நாகப்பன் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானது.

சேதி வந்த அன்றைக்குச் சின்னப்பொண்ணு கலவைச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு மணல் குவியலில் உட்கார்ந்தாள். பித்தளை வரவே இல்லை. வராததை எப்படித் திருட முடியும்? திருடாததை யாருக்குக் கொடுக்க முடியும்? அப்படியானால் அந்த ஓடு பம்பாய்ப் பணத்து ஓடுதான். அவன் அவள் தலையில் கை வைத்துச் செய்தது உண்மைச் சத்தியம்தான். அவள் பெரிதாக அழுதாள். மற்ற சித்தாள்கள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் வேலூர் போய் ஜெயில் வாசலில் நின்றாள். சின்னக் கதவு திறந்து நாகப்பன் குனிந்து வெளியே வந்தான். பாதி ஆளாக இருந்தான். தலை நரைத்திருந்தது. அவன் முகத்தைப் பார்க்குமுன் அவள் கண் அவனைத் தாண்டிச் சாலையின் இரண்டு பக்கமும் போய் வந்தது. ஜோதி வந்திருக்கிறாளா? வரவில்லை. அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்தாள். ராணிப்பேட்டை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பிறகு அவனாகவே பேசினான். மழைச் சத்தத்தில் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"நீ வரலன்னு மொதல்ல ரொம்பக் கோவமா இருந்துச்சு. ராவும் பகலும் அதே நெனப்பு. உசுர வெச்சுக்கினு இன்னா பண்றதுன்னுகூடத் தோணுச்சு. அப்பால ஜோதி வந்துச்சு. அக்காதான் அண்ணே அனுப்புச்சு, வேலைய வுட்டுட்டு வர முடியல, எல்லாத்தையும் அதுதான் கண்டுபுடிச்சிச்சுன்னு சொல்லிச்சு. அன்னிக்குத்தான் சோறு எறங்குச்சு. யார் நம்பலன்னாலும் பரவால்ல, நீ நம்பிட்டியே."

சின்னப்பொண்ணு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊரில் இருக்கிற பொறாமையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தாலும் அந்த நிமிஷம் அவளுக்கு வந்ததில் பாதி தேறாது. இத்தனை நாளும் ஜோதி தன் புருஷனை எடுத்துக்கொண்டாள் என்று எரிந்தாள். ஜோதி அவனை எடுக்கவில்லை, பத்திரமாக மடித்து இவள் கையில் கொடுத்திருக்கிறாள். இவள் செய்யாத நல்லதையெல்லாம் இவள் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள். பறித்துக்கொண்டவளை வாய் வலிக்கத் திட்டலாம். இப்படிக் கொடுத்துவிட்டவளை என்ன சொல்லித் திட்டுவது? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புருஷன் அவளுடையவன்தான், சாகிற வரைக்கும் கொண்டாடுவான். அவன் கொண்டாடுகிற ஒவ்வொரு நாளும் அது ஜோதி போட்ட பிச்சையாக இருக்கும். காரச்சட்னி வைத்த கையே தன் தாலிக்கும் முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

தண்டலத்தில் இறங்கினார்கள். மண்ணூருக்கு அங்கிருந்துதான் பிரிய வேண்டும். மழை விட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நம்மால் வேலை போய்விட்டதாமே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான் நாகப்பன். இவள் நகரவில்லை. அவன் கையிலிருந்த துணிப்பையின் காதைப் பிடித்து நிறுத்தினாள். உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. இன்னொருத்தி தயவில் நல்லவளாக இருக்க முடியாது என்ற எரிச்சலில்தான் சொன்னாள்.

"நான் அவள அனுப்பல. வந்து சொன்னப்ப கதவச் சாத்துனேன். வக்கீலு ஆள் அனுப்புனப்பகூடப் போல. நான் உன்ன ஒரு நாளும் நம்பல. பித்தளைய வித்து அவளுக்கு ஓடு போட்டன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன்."

ஒரு லாரி சேற்றை வாரியடித்துக்கொண்டு போனது, நாகப்பன் ஒதுங்கவில்லை. கோபப்படுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"சொல்லாமலே இருந்திருக்கலாம் சின்னப்பொண்ணு" என்றான். "அத்த நம்பித்தான் உள்ள உசுரோட இருந்தேன்."

பிறகு அவன் மண்ணூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கினான். அவள் பின்னாலேயே போனாள்.